விண்ணுக்குப் போன பிள்ளையார்

2005ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் லெபனான் என்ற சிற்றூரில் ஒரு முடிதிருத்துநர், தம் கடைக்கு வழக்கமாக வந்துபோன ஒருவரின் வெட்டிய முடியை 3,000 டாலருக்கு விற்றுவிட்டார். முடிக்குச் சொந்தக்காரர் நீல் ஆம்ஸ்ட்ராங். வாங்கியவர் புகழ்பெற்றவர்களின் முடியைத் தேடிச் சேர்த்து வைப்பவர். செய்தி எட்டியதும் ஆம்ஸ்ட்ராங்கின் வழக்கறிஞரிடமிருந்து கடிதம் வந்தது: முடியைத் திரும்ப வாங்கிக் கொடுங்கள், முடியாவிட்டால் கிடைத்த பணத்தை ஆம்ஸ்ட்ராங் சொல்லும் அறப்பணிக்குக் கொடுத்துவிடுங்கள். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1994 வாக்கில், ஆம்ஸ்ட்ராங் கையெழுத்துப் போடுவதையே நிறுத்தியிருந்தார். கேட்டவர்களுக்கெல்லாம் அன்போடு போட்டுக் கொடுத்தவை சந்தையில் பெரும் விலைக்குக் கைமாறுவதும், அவற்றோடு போலிகள் பெருகுவதும் அவரை உறுத்தின.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் வாழ்கிறவர்களுக்கு ஒரு மனிதரின் முடி மதிப்புப் பெறுவது புதிய செய்தி அல்ல. அங்கே ஜாலான் பெர்ஹாலாவில் இலங்கையிலிருந்து வந்து குடியேறியவர்கள் உருவாக்கிய புத்த மகா விகாரை இருக்கிறது. அதை நடத்தும் சங்கம் 1894இல் தொடங்கியது. போதி மரத்தடியில் ஞானம் பெற்ற புத்தருக்கு உணவளித்த இரண்டு வணிகர்கள், பதிலுக்கு அவருடைய தலைமுடியைப் பெற்று ஊர் திரும்பினார்கள் என்பது பௌத்த மரபுக் கதை. யங்கோனின் ஷ்வேடகோன் கோபுரத்துக்குள் அந்த முடிதான் இருக்கிறது என்று பர்மிய மக்கள் நம்புகிறார்கள். காஷ்மீரில் ஹஸ்ரத்பால் பள்ளிவாசலில் பாதுகாக்கப்படும் நபிகள் நாயகத்தின் திருமுடி 1963 டிசம்பர் கடைசியில் காணாமல் போனபோது பள்ளத்தாக்கு முழுவதும் தெருவுக்கு வந்தது; சில நாள்களில் அது மீட்கப்பட்டது.

ஆக, ஒஹையோ முடிதிருத்துநர் விற்ற பொருளுக்குள் ஒரு பழைய சமயக் கேள்வி இருக்கிறது. ஒரு மனிதரிடமிருந்து பிரிந்த பொருளில் அந்த மனிதரின் ஏதோ ஒன்று தங்குகிறதா? தங்குகிறது என்றால் எங்கே?

கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்தக் கேள்விக்கு இன்னொரு வேரும் உண்டு. 2007 அக்டோபர் 10 அன்று ஷேக் முஸ்ஸாபர் ஷுக்கோர் பைகோனூரிலிருந்து சோயுஸ் விண்கலத்தில் கிளம்பி, அனைத்துலக விண்வெளி நிலையத்துக்குப் போன முதல் மலேசியர் ஆனார். ரஷ்யாவிடம் 18 சுகோய் போர் விமானங்கள் வாங்கிய ஒப்பந்தத்தோடு சேர்ந்து வந்த வாய்ப்பு அது. திரும்பி வந்த பிறகு நாடெங்கும் பள்ளிகளிலும் மேடைகளிலும் பேசினார். பிள்ளைகள் நோட்டை நீட்ட, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தத் தாள்களில் பல இன்று பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலம், கிள்ளான் வீடுகளில் பழைய ஆல்பங்களுக்குள் கிடக்கும். வார இறுதியில் அம்கோர்ப் மாலில் பழம்பொருள் விரிக்கும் வியாபாரிகளிடம் நாணயமும் தபால்தலையும் பழைய இசைத்தட்டும் வாங்குகிறவர்களுக்கு, ஒரு பொருளின் வயதை விட அதன் கதைக்கே விலை என்பது நன்றாகத் தெரியும்.

தேரவாத பௌத்தம் வணக்கத்துக்குரிய பொருள்களை மூன்றாகப் பிரிக்கிறது. புத்தரின் உடலிலிருந்து வந்தவை முதல் வகை: பல், எலும்பு, முடி. அவர் பயன்படுத்தியவை இரண்டாவது: திருவோடு, ஆடை, அவர் நிழலில் அமர்ந்த மரம். அவரை நினைக்கச் செய்யப்பட்டவை மூன்றாவது: சிலை, படம். கலிங்கபோதி ஜாதகத்தில் இந்தப் பகுப்பு வருகிறது. மூன்றாவது வகைக்குப் பொருளளவில் அடிப்படை இல்லை, அது முழுக்க மனத்தைச் சார்ந்தது என்றும் அங்கே சொல்லப்படுகிறது. கத்தோலிக்க மரபும் இதற்கு நெருக்கமான மூன்று படிகளை வைத்திருக்கிறது: புனிதரின் உடல், புனிதர் பயன்படுத்திய பொருள், அவற்றைத் தொட்ட பொருள்.

விண்வெளிப் பொருள்களின் ஏலப் பட்டியலும் தனக்குத் தெரியாமலே இதே படிகளில்தான் நடக்கிறது. ஆம்ஸ்ட்ராங்கின் முடி முதல் படி. அப்பல்லோ 11 பயணத்தில் பஸ் ஆல்ட்ரின் அணிந்திருந்த மேற்சட்டை இரண்டாவது படி. 2022இல் அது சுமார் 28 லட்சம் டாலருக்குப் போனது. அப்பல்லோ 15இன் தலைவர் டேவிட் ஸ்காட் நிலவில் கட்டியிருந்த புலோவா கைக்கடிகாரம் 2015இல் 16 லட்சம் டாலரைத் தாண்டியது. படங்களும் பதக்கங்களும் மூன்றாவது படியில்.

கையெழுத்து எந்தப் படி? உடலும் அல்ல, உடைமையும் அல்ல, உருவமும் அல்ல. ஒரு கை ஒரு நொடி அசைந்ததன் தடம் அது. அதனால்தான் அதைப் போலி செய்வது எளிது. அதனால்தான் அது உண்மையா என்ற கவலையும் பெரிது.

அப்பல்லோ காலத்தில் விண்வெளி வீரர்களுக்கு மூட்டை மூட்டையாகக் கடிதம் வந்தது. எல்லாருக்கும் கைப்படக் கையெழுத்திட முடியாமல், பேனாவைப் பிடித்து எழுதும் இயந்திரங்களை நாசா பயன்படுத்தியது. வீரர் ஒருமுறை போட்ட கையெழுத்தை அச்சாக வைத்துக்கொண்டு இயந்திரம் உண்மையான மையால் உண்மையான தாளில் எழுதித் தள்ளும். தேர்ந்த சேகரிப்பாளர்கள் இதைக் கண்டுபிடிக்கும் வழி ஆழமானது. இரண்டு கையெழுத்துகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பார்கள். கோட்டுக்குக் கோடு பொருந்தினால் அது இயந்திரம். எந்த மனிதரும் தம் பெயரைத் துளி மாறாமல் இரண்டு முறை எழுதியது கிடையாது. அன்றைய களைப்பு, மேசையின் உயரம், எதிரே நிற்கும் சிறுவனின் முகம் எல்லாமே கோட்டில் ஏறிவிடும். அப்படியானால் சேகரிப்பவர் தேடுவது பெயரை அல்ல. திரும்பி வராத ஒரு நொடியைத்தான் அவர் தேடுகிறார்.

இனி, விலையின் கதை. நிலவில் ஆம்ஸ்ட்ராங் முதன்முதலில் அள்ளிய மண்ணைச் சுமந்து வந்த சிறு பை ஒன்று, கான்சாஸ் மாநில அருங்காட்சியகம் ஒன்றின் பொருள்களோடு கலந்து, அடையாளம் தொலைந்து, அரசு ஏலத்துக்கு வந்தது. 2015இல் ஒரு பெண்மணி அதை 995 டாலருக்கு வாங்கினார். சோதித்துப் பார்க்கச் சொல்லி நாசாவுக்கே அனுப்பினார். அதிலிருந்த தூசி அப்பல்லோ 11 இறங்கிய இடத்து மண்ணோடு பொருந்தியது; உடனே நாசா பையைத் திருப்பித் தர மறுத்தது. நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2017 ஜூலை 20 அன்று அதே பை 18 லட்சம் டாலருக்கு விற்றது. பையில் ஒரு நூல்கூட மாறவில்லை. 995க்கும் 18 லட்சத்துக்கும் இடையில் சேர்ந்தது ஒரு சாட்சியம் மட்டுமே.

ஆம்ஸ்டர்டாமில் இதற்கு நேர் எதிரானது நடந்தது. 1969இல் நிலவு வீரர்கள் உலகப் பயணம் வந்தபோது, நெதர்லாந்தின் முன்னாள் பிரதமர் வில்லெம் ட்ரேஸுக்கு அமெரிக்கத் தூதர் ஒரு சிவந்த கல்லைப் பரிசளித்தார். ட்ரேஸ் 1988இல் மறைந்த பிறகு அது ரைக்ஸ் அருங்காட்சியகத்துக்கு வந்து நிலவுக்கல்லாகவே காட்சிக்கு வைக்கப்பட்டது. 2009இல் சோதித்தபோது அது கல்லாகிப் போன மரம் என்று தெரிந்தது. அதுவரை அதன் முன் நின்று மலைத்தவர்களின் மலைப்பு என்ன ஆயிற்று?

அந்த மலைப்பு பொய் அல்ல. மனிதன் நிலவுக்குப் போனதும் கல் கொண்டுவந்ததும் உண்மை. அந்த உண்மையை நினைத்துத்தான் அவர்கள் மலைத்தார்கள். பொய்யானது பொருளின் அடியில் இருந்த சீட்டு. ஆனாலும், மலைப்பு மெய்தானே, சீட்டைப் பற்றி எதற்குக் கவலை என்று விட்டுவிடுவது சரியல்ல. பக்தனின் மெய்யன்பைக் காட்டிப் போலியை விற்பவன் இரண்டு தவறுகளைச் செய்கிறான்: பொருளைப் பற்றிப் பொய் சொல்கிறான், அன்பையும் முதலாக்குகிறான். திருச்சபைச் சட்டத்தின் 1190ஆம் விதி புனிதப் பொருள்களை விற்பதை முற்றாகத் தடை செய்வதற்குப் பின்னால் இந்த அனுபவம்தான் இருக்கிறது.

தமிழ்க் கோயில் மரபு இந்தக் கேள்வியை வேறொரு வாசல் வழியாக அணுகுகிறது. 2006 டிசம்பரில் விண்வெளி வீராங்கனை சுனிதா வில்லியம்ஸ் விண்வெளி நிலையத்துக்குப் போனபோது பகவத் கீதையையும் சிறிய பிள்ளையார் சிலை ஒன்றையும் கொண்டுபோனார். அந்தப் பிள்ளையார் பல மாதம் பூமியைச் சுற்றினார். அவர் என்றாவது ஏலத்துக்கு வந்தால் கிடைக்கக்கூடிய தொகையைச் சேகரிப்பாளர்கள் ஊகிக்கலாம். கிள்ளானில் ஜாலான் தெங்கு கிளானா வீட்டொன்றில் கல்யாணத்துக்கு முதல் நாள் பாட்டி மஞ்சளைக் குழைத்துப் பிடித்து அறுகம்புல் செருகி வைக்கும் பிள்ளையாரும் பிள்ளையாரே. அவர் ஆவாகனம் செய்து அழைக்கப்படுகிறார், பூசை முடிந்ததும் வழியனுப்பப்பட்டுத் தண்ணீரில் கரைகிறார். இந்த மஞ்சள் பிள்ளையாரை விட விண்ணுக்குப் போனவர் உயர்ந்தவர் என்று எந்தப் பாட்டியும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

பெரிய கோயில்களிலும் இதே தத்துவம்தான். கிள்ளான் சுந்தரராஜப் பெருமாள் கோயில் போன்ற ஆலயங்களில் திருப்பணி தொடங்கும்போது பாலாலயம் செய்வார்கள். மூலவரின் சக்தியை மந்திரத்தால் கும்பத்து நீருக்கு மாற்றி வேறிடத்தில் வைத்து வழிபடுவார்கள். பணி முடிந்து குடமுழுக்கின்போது மீண்டும் மூலவருக்குச் சேர்ப்பார்கள். இடைப்பட்ட நாளில் கருவறையில் நிற்பது கல். சிலை பின்னப்பட்டால் நீரில் விட்டுவிட்டுப் புதியது செய்து நிறுவவும் ஆகமம் வழி சொல்கிறது. இது எந்தச் சிற்பி, எந்த ஆண்டு, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பது ஏலக்காரரின் முதல் கேள்வி. கும்பிடுகிறவர் அதைக் கேட்பதே இல்லை. அங்கே புனிதம் பொருளோடு ஒட்டிக்கொண்டு கிடப்பதில்லை. அழைக்க வருகிறது, அன்றாடம் விளக்கேற்றி அமுது படைக்கத் தங்குகிறது.

ஆனால் அதே மரபில்தான் பாதுகையும் இருக்கிறது. பரதன் நந்திக்கிராமத்தில் அண்ணனின் பாதுகையை அரியணையில் வைத்துப் பதினான்கு ஆண்டு ஆண்டான். வேறொரு பாதுகையைச் செய்வித்து வைத்திருக்க முடியாது. இராமன் ஏறி இறங்கியதாகவே இருந்தாக வேண்டும். வேதாந்த தேசிகர் அரங்கனின் பாதுகைக்கு மட்டுமே 1,008 பாடல்கள் பாடினார். பெருமாள் கோயிலில் தலையில் சடாரி வைக்கப்படும்போது குனியாதவர் யார்? தொட்ட பொருளுக்கு மதிப்பில்லை என்று தமிழர் ஒருபோதும் சொன்னதில்லை. மஞ்சள் பிள்ளையாரும் இராமனின் பாதுகையும் ஒரே வீட்டில் முரண்படாமல் இருக்கின்றன என்பதே கவனிக்க வேண்டியது. பரதன் பாதுகையைப் பெட்டியில் பூட்டவில்லை. அதன் பெயரால் ஆட்சி நடத்தினான், கணக்குச் சொன்னான், உரியவர் வந்ததும் திருப்பிக் கொடுத்தான். அவனிடம் அது ஒரு கடமையாக இருந்தது.

இஸ்லாமிய மரபில் இதையே இன்னும் கூர்மையாகக் காட்டும் ஒரு செய்தி உண்டு. கலீபா உமர் கஅபாவின் கறுப்புக் கல்லை முத்தமிட்டபோது, நன்மையோ தீமையோ செய்ய இயலாத வெறும் கல் அது என்பது தமக்குத் தெரியும் என்றும், நபிகள் நாயகம் முத்தமிட்டதைத் தாம் கண்டிராவிட்டால் முத்தமிட்டிருக்க மாட்டார் என்றும் சொன்னதாக நபிமொழித் தொகுப்புகள் கூறுகின்றன. கல்லுக்குத் தனி ஆற்றல் எதையும் அவர் ஏற்றவில்லை. தாம் நேசித்தவரின் செயலைத் தாமும் செய்தார், அவ்வளவே. ஷேக் முஸ்ஸாபர் ரமலான் மாதத்தில் விண்ணுக்குப் போனபோது மலேசிய இஸ்லாமிய அறிஞர்கள் தந்த வழிகாட்டுதலிலும் இந்தத் தெளிவு இருந்தது. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றிவிடும் நிலையத்தில் தொழுகைத் திசையான கிப்லாவை எப்படி நோக்குவது? முடிந்தால் கஅபாவை நோக்கு. இயலாவிட்டால் கஅபாவுக்கு நேர் மேலுள்ள திசையை. அதுவும் இயலாவிட்டால் பூமியை. அதுவும் கைகூடாவிட்டால் எத்திசையிலும் தொழு. இடம் கைவிட்டாலும் நோக்கம் கைவிடாது என்பதை ஒரு நாட்டின் சமய அறிஞர்கள் உட்கார்ந்து எழுதி வைத்தது சிறிய காரியம் அல்ல.

விண்வெளிப் பொருள்களுக்கு இந்த வெளிச்சத்தில் விலை பார்த்தால் சந்தையின் முக்கிய அளவுகோலே ஆட்டம் காண்கிறது. சந்தை முதலில் கேட்பது, விண்ணுக்குப் போய் வந்ததா இல்லையா என்று. இரண்டு வகைத் தபால் உறைகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

அப்பல்லோ 11 வீரர்கள் மூவரும் கிளம்புவதற்கு முன் நூற்றுக்கணக்கான உறைகளில் கையெழுத்திட்டு நம்பகமானவர்களிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். நிலவுக்குப் போகும் ஒருவருக்குப் போதிய ஆயுள் காப்பீடு எடுப்பது அவர்கள் சம்பளத்துக்கு எட்டாத காரியம். திரும்பி வராவிட்டால் அந்த உறைகளை விற்றுக் குடும்பம் பிழைக்கட்டும் என்பது ஏற்பாடு. ராக்கெட் கிளம்பிய நாளிலும் நிலவில் இறங்கிய நாளிலும் அவற்றுக்கு அஞ்சல் முத்திரை குத்தினார்கள். அந்த உறைகள் பூமியை விட்டு ஓர் அங்குலம்கூட எழவில்லை.

1971இல் அப்பல்லோ 15 வீரர்கள் அனுமதி பெறாமல் 398 உறைகளை விண்ணுடையில் மறைத்து நிலவுக்கே கொண்டுபோய் வந்தார்கள். அவற்றில் 100 ஜெர்மானியத் தபால்தலை வணிகர் ஒருவர் கைக்குப் போய் விற்பனையாயின. விஷயம் வெளியானதும் மூவரும் விண்பயணப் பணியிலிருந்து விலக்கப்பட்டார்கள். அவர்களில் யாரும் மீண்டும் விண்ணுக்குப் போகவில்லை.

நிலவுக்குப் போன உறை ஒரு வாணிபத்தின் மிச்சம். போகாத உறையில் ஒரு தகப்பன் தன் சாவை எண்ணி, மனைவி மக்களை எண்ணிப் போட்ட கையெழுத்து இருக்கிறது. இரண்டில் எதை வணங்கத் தோன்றும் என்று கேட்டால், தயக்கத்துக்கு இடமே இல்லை.

அப்பல்லோ 14இல் ஸ்டூவர்ட் ரூசா ஏறக்குறைய 500 மர விதைகளைக் கொண்டுபோனார். அவை நிலவைச் சுற்றி வந்து, பூமியில் முளைத்து, அமெரிக்காவின் பல ஊர்களில் நடப்பட்டன. பக்கத்தில் பூமியிலேயே இருந்த விதைகளையும் வளர்த்து ஒப்பிட்டார்கள். வேறுபாடு தெரியவில்லை. சங்கமித்தை கொண்டுவர, அனுராதபுரத்தில் நடப்பட்டதாகச் சொல்லப்படும் போதிக் கிளையும் அப்படித்தான். அரச மரம் எல்லாம் அரச மரமே. அதை வேறாக்கியது இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக விடாமல் காத்து நின்றவர்களின் வரிசை. வடலூரில் வள்ளலார் 1867இல் மூட்டிய அணையா அடுப்பும் அதே போல. அன்றைய விறகும் இல்லை, அன்றைய கரியும் இல்லை. பசித்தவருக்குச் சோறு போடுவது நிற்காததால் நெருப்பு அதே நெருப்பாக இருக்கிறது. வள்ளலார் தொட்ட அடுப்பு என்று அதைக் கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டியிருந்தால் என்றைக்கோ அணைந்திருக்கும்.

அமெரிக்க அதிபர் நிக்சன் 135 நாடுகளுக்கு நிலவுத்துகள்களைப் பரிசாக அனுப்பினார். அப்பல்லோ 11இன் பங்காக ஒவ்வொரு நாட்டுக்கும் கிடைத்தது அரிசி மணியளவுகூட வராத நான்கு துணுக்குகள், கூடவே நிலவுக்குப் போய் வந்த அந்தந்த நாட்டுக் கொடி. ஹோண்டுராஸுக்குக் கொடுத்தது கைமாறி, 1998இல் அமெரிக்காவில் 50 லட்சம் டாலருக்கு விலை பேசப்பட்டபோது பிடிபட்டது. மால்டாவுடையது 2004இல் திருடு போனது. அயர்லாந்துடையது 1977இல் டன்சிங்க் வானாய்வகத்தில் தீப்பிடித்தபோது இடிபாடுகளோடு குப்பைமேட்டுக்குப் போய்விட்டது. பொருளை மட்டும் வாங்கி, அதைச் சுற்றி ஒரு வழக்கத்தை உருவாக்காதபோது இப்படி நேர்கிறது. ஹூஸ்டன் அருகே ஒரு தேவாலயம் வேறு வழி காட்டியிருக்கிறது. ஆல்ட்ரின் நிலவில் இறங்கியதும் திருவிருந்து உட்கொண்ட சிறு கிண்ணம் வெப்ஸ்டர் பிரஸ்பிட்டேரியன் சபையிடம் இருக்கிறது. அவர்கள் ஆண்டுதோறும் ஜூலையில் அந்த நாளை வழிபாடாகவே கொண்டாடுகிறார்கள். அதற்கு விலை கேட்பது பொருத்தமே இல்லாத கேள்வியாகிவிட்டது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஷேக் முஸ்ஸாபரின் கையெழுத்தை வைத்திருக்கும் வீடுகள் அதை விற்கவே கூடாது என்பதில்லை. ஆனால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. எந்தப் பள்ளியில், எந்த ஆண்டு, யார் நோட்டை நீட்டியபோது போட்டது, அன்று அவர் என்ன பேசினார் என்பதைத் தாளின் பின்பக்கம் பென்சிலால் எழுதி வைக்க வேண்டும். பிறகு பக்கத்துத் தமிழ்ப்பள்ளியின் அறிவியல் விழாவுக்கு அதை எடுத்துப்போய்ப் பிள்ளைகள் கண்ணில் படும்படி வைக்க வேண்டும்.

அப்படி வைக்கும் மேசையில் இன்னொரு பெயரும் இருக்க வேண்டும். 2006இல் விண்வெளி வீரர் தேர்வுக்கு வந்த பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்களிலிருந்து கடைசியாகத் தேர்ந்த நால்வரில் ஒருவர் வனஜா சிவசுப்பிரமணியம், பொறியாளர், அந்த நால்வரில் ஒரே பெண். ஷேக் முஸ்ஸாபரும் மாற்று வீரராக ஃபைஸ் காலிடும் ரஷ்யப் பயிற்சிக்குத் தேர்வானார்கள், வனஜா போகவில்லை. விண்வெளி ஏலங்களின் கணக்கில் அவருடைய கையெழுத்து போகாதவரின் கையெழுத்து. ஆனால் பெற்றோர் தோட்டத்திலிருந்து நகரத்துக்கு வந்து, பூச்சோங்கிலோ காப்பாரிலோ தமிழ்ப்பள்ளியில் படிக்கும் ஒரு சிறுமி, தன்னைப் போன்ற பெயர் கொண்ட ஒருத்தி விண்கலத்தின் வாசல் வரை போனாள் என்பதை அந்த மேசையில் படிப்பாள். மேசைக்குப் பொறுப்பான ஆசிரியர் ஷேக் முஸ்ஸாபர், வனஜா என்ற இரண்டு பெயர்களையும் ஒரே அளவு எழுத்தில் எழுதி வைக்கட்டும்.